ஜாப் கார்டின் கடைசி வரி

சென்ற மாதம் கூடுவாஞ்சேரிக்கு முன்னால் இருக்கும் எங்கள் பழைய டிராக்டர் சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. ஆனாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தப் பக்கம் போனால் கால் தானாக உள்ளே திரும்பிவிடும். ஷெட்டில் யார் கையிலும் காகிதம் இல்லை. ஆளுக்கொரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். வண்டி வந்ததும் தட்டுகிறார்கள், வேலை முடிந்ததும் தட்டுகிறார்கள், வாடிக்கையாளர் போனுக்குச் செய்தி போய்விடுகிறது. நல்லதுதான். கிரீஸ் கையோடு கார்பன் பேப்பர் வைத்து எழுதிய அவஸ்தை எங்களுக்குத்தான் தெரியும்.

இப்போதைய சூப்பர்வைசர், மூலையில் கட்டிக் கிடந்த பழைய ஜாப் கார்டுகளை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையை எழுதிய தாள்களை, காட்டினார். "பாய், எல்லா கார்டுலயும் அடியில கையால கோடு போட்டு 'செய்யாதது'ன்னு எழுதியிருக்கே, அது இன்னா? அச்சடிச்ச ஃபார்ம்ல அப்படி எதுவும் இல்லையே. டேப்லெட்லயும் இல்ல," என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் பெயர் காதர். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் என் மாமாவின் லேத் பட்டறையில் தொழில் பழகினேன். அங்கே வாங்கிய அடியும் திட்டும் எல்லா மெக்கானிக்குக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன். பிறகு இந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் டிராக்டரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. நான் சேர்ந்த புதிதில் அகரம்தென், மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளின் டயரில் சேறு ஒட்டியிருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் சேறு போய் சிமென்ட் தூசி வந்தது. நிலம் மனையானது, டிராக்டருக்குப் பின்னால் கலப்பைக்குப் பதில் தண்ணீர் டேங்கரை மாட்டினார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிரேக் வேலை மட்டும் இரண்டு மடங்கானது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. இரண்டும் வலது காலடியில் ஒட்டினாற்போல் இருக்கும். இடது மிதி இடது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும், வலது மிதி வலதை மட்டும். உழும்போது வயலின் கோடியில் சட்டென்று திரும்ப வேண்டும் அல்லவா? ஒரு சக்கரத்தை நிறுத்தினால் வண்டி அதைச் சுற்றித் திரும்பிவிடும். ரோட்டுக்கு வந்ததும் இரண்டு மிதியையும் ஒரு கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் நேராக நிற்க வேண்டிய வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். பின்னால் டேங்கர் நிறையத் தண்ணீர் இருந்தால் அது வேறு தள்ளும்.

பழைய மாடல்களில் இந்த பிரேக் உலர்ந்து இருக்க வேண்டிய பிரேக். உரசிப் பிடிக்கும் லைனிங்கில் எண்ணெய் பட்டால் வழுக்கிவிடும். இப்போது வரும் வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, அதன் தட்டுகள் வேறு வகை. நான் சொல்லப்போவது பழைய வண்டியின் கதை.

சுமதி மேடம் எங்களுக்கு சர்வீஸ் இன்சார்ஜாக வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, அவருக்கு முப்பது இருக்கும். டிப்ளமோ படித்தவர். பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தினால் பதிலுக்கு நாமும் கத்தலாம், அவரிடம் அந்த வசதி கிடையாது. எனக்கோ கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் ஆறு மாதம் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எந்த வண்டி வந்தாலும் முதலில், பின்சக்கரங்களுக்கு நடுவில் பல்சக்கரப் பெட்டியில் இருக்கும் கிரவுன் ஆயிலின் அளவுக் கம்பியை உருவுவார். கம்பியில் ஒட்டிய எண்ணெயைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். "தண்ணி இறங்கியிருக்கு பாய், மோர் மாதிரி இருக்கு பாருங்க," என்பார். சமமான தரையில் நிறுத்தித்தான் அளவு பார்க்க வேண்டும், கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு தாராளம் உண்டு. 'கொஞ்சம் கூடவே ஊத்து பாய், வண்டி நல்லா ஓடட்டும்' என்பார்கள். கூட ஊற்றிய எண்ணெய், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டி நேராக பிரேக்குக்குத்தான் போகும். அதை ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாக விளக்குவார். நான் நடுவில் கொட்டாவி விடுவேன்.

பிரேக் வேலைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இன்னும் எனக்குக் கைப்பழக்கமாக இருக்கிறது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின்னால் ஜாக்கி, அதையும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டு. மிதியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி பிரேக் உறையைத் திறந்தால் உள்ளே லைனிங் ஒட்டிய தட்டுகள் இருக்கும். லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டும் வேலை அவரிடம் நடக்காது. ஊறியது ஊறியதுதான், சூடானதும் வெளியே கக்கும் என்பார். புதிய லைனிங் போட வேண்டும். எண்ணெய் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து சீலையும் மாற்ற வேண்டும். கம்பி உறைக்குள் நுழையும் வாயில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் காப்பதற்கு. அது கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கடைசியாக இரண்டு மிதியின் ஆட்டமும் ஒரே அளவுதானா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் தரைக்கு வண்டியைக் கொண்டுபோவோம். கொக்கியைப் போட்டு, ஓரளவு வேகமெடுத்து, ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். பின்டயர் இரண்டும் மண்ணில் இழுத்த தடத்தை மேடமே குனிந்து டேப் வைத்து அளப்பார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்ணில் முட்டி போடுவார். ஒரு தடம் நீளம், இன்னொன்று குட்டை என்றால் வண்டி திரும்ப ஜாக்கி ஏறும்.

இதையெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன். ஏற்க முடியாதது அந்தக் கடைசி வரிதான். செய்த வேலையை எல்லோரும் கார்டில் எழுதுவோம். அவர் அதற்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, 'செய்யாதது' என்று எழுதச் சொன்னார். பார்த்தும் செய்யாமல் விட்டது, சாமான் கிடைக்காமல் விட்டது, வாடிக்கையாளர் வேண்டாம் என்றது எல்லாம் அங்கே வர வேண்டும். வண்டியை எடுக்க வருபவரிடம், வேலை செய்த மெக்கானிக்கே அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட நாமளே பொண்ணோட சொத்தப் பல்லக் காட்டற மாதிரி இருக்கு மேடம்," என்றேன். ஷெட்டே சிரித்தது.

அவரும் சிரித்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் பல்வலி வந்தா யாரத் திட்டுவாங்க பாய்? எழுதுங்க," என்றார்.

எழுதினோம். பெரும்பாலான கார்டுகளில் அந்த இடத்தில் 'இல்லை' என்றுதான் எழுதினோம். எழுத சோம்பல், படிக்க வெட்கம்.

இனி கோதண்டம் அண்ணன் விஷயம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர் வீடு. அப்பா காலத்து நிலத்தில் பாதிக்கு மேல் மனையாக விற்றாகிவிட்டது. பழைய டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஓட்டினார். ஓட்டுவது அவர் இல்லை, டிரைவர் ஏழுமலை. என் வயதுதான், ஒல்லியான ஆள். சின்ன வயதில் அதே வண்டியில் உழ ஆரம்பித்தவர். நான் வண்டியைப் பிரித்தால் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, போல்ட்டுகளை செய்தித்தாள் மேல் வரிசையாக அடுக்கி வைப்பார். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வண்டி ரோட்டில் ஏறும் முன் குனிந்து கொக்கியைப் போட்டு, குதிகாலால் ஒரு தட்டு தட்டுவார். அந்த டக் என்ற சத்தத்தைக் கேட்டால்தான் அவர் கிளம்பினார் என்று அர்த்தம்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு, பிரேக் இழுக்கிறது என்று அந்த வண்டி வந்தது. இரண்டு பக்கமும் திறந்தேன். லைனிங் தேய்ந்திருந்தது, சீல் கசிந்திருந்தது. இரண்டு பக்கமும் புதிய லைனிங், புதிய சீல் போட்டேன். வலது பக்கத்துக் கம்பியின் ரப்பர் மூடி மட்டும் கிழிந்திருந்தது. ஸ்டோரில் கேட்டால் இல்லை, பூஜை முடிந்துதான் வரும் என்றார்கள். கிழிந்த மூடியையே திரும்ப மாட்டினேன். மண் தரையில் ஓட்டிப் பார்த்தால், தாம்பரம் ஸ்டேஷன் தண்டவாளம் மாதிரி இரண்டு தடமும் ஒரே நீளம். மேடம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அருமை பாய்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். அந்தப் பெருமையில் கார்டை எடுத்து, 'செய்யாதது: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு அழகான வேலைக்குக் கீழே ஒரு ரப்பர் துண்டைப் பற்றி எழுதுவதா என்றிருந்தது. மறந்து எழுதாமல் விடவில்லை, எழுத மனமில்லாமல் விட்டேன்.

அரை மணி கழித்து கோதண்டம் அண்ணன் போனில் கூப்பிட்டார். "பாய், பூசைக்கு வண்டி பளபளன்னு நிக்கணும். வாட்டர் சர்வீஸ் பண்ணி ஆயில் அடிச்சி அனுப்பு."

ஆயில் அடிப்பது என்றால், வண்டியைக் கழுவியபின் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து காற்றழுத்தத்தில் அடிப்பாகம் முழுவதும் பீய்ச்சுவது. துருப்பிடிக்காது, பார்க்கக் கன்னங்கரேலென்று மின்னும். ஆயுத பூஜை நேரத்தில் நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர் யாரும் இதை விட மாட்டார்கள். மேடத்துக்கு இது பிடிக்காது, அதனால் கார்டில் ஏறாது. வாடிக்கையாளருக்காக நாங்கள் தனியாகச் செய்து தருவோம். அடிக்கும் முன் பிரேக் கம்பி நுழையும் இரண்டு வாயிலும் பாலிதீன் பை சுற்ற வேண்டும். அன்றைக்கு வரிசையில் ஏழெட்டு வண்டி நின்றது. ரப்பர் மூடிதான் இருக்கிறதே என்று பை சுற்றாமல் அடித்தேன். வலது மூடி கிழிந்தது என்பது அதற்குள் என் தலையை விட்டுப் போயிருந்தது. அந்த வரியை எழுதி, ஏழுமலை முன்னால் வாய்விட்டுப் படித்திருந்தால் போயிருக்காது. ஆள் பக்கத்திலேயேதான் நின்றார்.

பூஜைக்கு வருடா வருடம் என்னைக் கூப்பிடுவார்கள், போவேன். சந்தனம், பொட்டு, வாழைக்கன்று எல்லாம் கட்டி வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏழுமலை வண்டியை முன்னால் நகர்த்தி நிறுத்தினார். பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். நின்ற வண்டியின் மூக்கு மட்டும் ஒரு சாண் இடது பக்கம் திரும்பியிருந்தது. தரை மேடு பள்ளம் என்று நினைத்துக்கொண்டு பொரியை வாயில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. காலையில் ஏழுமலை ஒரு மனையை உழுது சமம் செய்துவிட்டு, அங்கிருந்தே டேங்கரை மாட்டித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. ஏழுமலை பிரேக்கை மிதித்தார். வண்டி இடது பக்கமாகச் சுழன்றது, டேங்கர் பின்னாலிருந்து தள்ளியது, ஒரு குடியிருப்பின் காம்பவுண்டு சுவரில் போய் மோதியது. அவருடைய இடது கால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி இரண்டு இடத்தில் உடைந்தது. ஆட்டோவில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் ஏறிக் குதித்து, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

வண்டியை எங்கள் ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தபோது மிதிகளின் கொக்கி கழன்று தொங்கியது. கோதண்டம் அண்ணன் அதைக் காட்டினார். "பாத்தியா பாய். காலைல உழுதுட்டு அப்டியே ரோட்ல வந்துகினான். கொக்கி போடல. இம்மாம் வருசம் வச்சிருந்தேன், என்னை நட்டாத்துல வுட்டானே. இனிமே அவனுக்கு என் வண்டில இடமில்ல."

மோதலில் கழன்றதா, இழுத்தவர்கள் கழற்றினார்களா, போடவே இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? நான் வலது பக்கத்து பிரேக்கைத் திறந்தேன். லைனிங் ஈரமாக இருந்தது. சீலைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். கிரவுனில் ஊற்றும் கியர் ஆயிலுக்கு அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை உண்டு. இதில் டீசல் வாடை. கிழிந்த மூடி வழியாக நான் அடித்த ஆயில்தான் உள்ளே போயிருந்தது. கொக்கி போட்டு இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்திருந்தாலும் வண்டி அப்படித்தான் சுழன்றிருக்கும்.

அந்த லைனிங்கை ஸ்கிராப் டின்னில் போட்டேன். உறையை பனியன் வேஸ்டால் துடைத்தேன். புதிய கார்டில் 'வலது லைனிங் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். 'செய்யாதது: இல்லை.'

நாலாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். இடது காலில் கட்டு, கால் மேலே தொங்கியது. அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், ஒடஞ்சது எடது காலு. தப்பு பண்ணது வலது காலு," என்றார். "கொக்கி போட்டேனா இல்லியான்னு எவ்ளோ ரோசன பண்ணாலும் நெனப்பு வரமாட்டுது. அண்ணன் சொல்றாரு, போடலன்னு. அப்டித்தான் கீது போல. இனிமே இந்தக் கால நம்பி நான் எப்டி வண்டி ஏறுவேன்?"

அவர் என் கையை விடவில்லை.

"நீதான பாய் பிரேக்க பாத்த. நல்லாத்தான இருந்துச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சு ஏழுமலை," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. அவர் தலையை ஆட்டி, ஒரு ஆரஞ்சுச் சுளையை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு நான் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஷெட்டில் ஒருவனோடு ஸ்பேனருக்காகச் சண்டை போட்டேன். தொழுகையில் நின்றால் மனம் நிற்கவில்லை. பழைய வண்டி, சீல் கசிந்திருக்கும், யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே நூறு முறை சொல்லிக்கொண்டேன். சீல் கசியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நான்தானே மாட்டினேன்.

விபத்து நடந்து பதினொன்றாம் நாள் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தார். அந்த லைனிங்.

"ஸ்கிராப் எடுக்குறவர் வந்தாரு, டின்னைக் கொட்டுனப்போ பாத்தேன். மோந்து பாருங்க பாய்."

"பாத்தாச்சு மேடம்."

"எப்போ?"

"கழட்டுன அன்னைக்கே."

அவர் லைனிங்கைத் திருப்பிப் போட்டார். "சீல்?"

"காய்ஞ்சுதான் இருந்துச்சு."

பூஜைக்கு முன் நான் எழுதிய கார்டை, கார்பன் நகலோடு எடுத்து முன்னால் வைத்தார். கடைசி வரியில் நான் எழுதியிருந்த 'இல்லை' மீது பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"நானே எழுதிடலாம். நான் எழுதினா அது கம்ப்ளைன்ட். நீங்க எழுதினா அது ஜாப் கார்டு," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருட வேலையை ஒரு ரப்பர் துண்டால் அழிக்கப் பார்க்கிறீர்களா, வேலை போனால் என் வீட்டுக்கு யார் பதில் சொல்வார்கள், டிராக்டரே ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் எனக்குச் சொல்ல வந்துவிட்டார்கள் என்று என்னென்னவோ கத்தினேன். கடைசியில் சொன்னதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் டீ குடிச்சிட்டு வரேன் பாய்," என்று எழுந்து போய்விட்டார். அறையில் நானும் அந்த லைனிங்கும்தான். ஏழுமலை வலது காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. மேடம் வருவதற்குள் எழுதி முடித்தேன்.

எழுதினால் போதாது, படிக்க வேண்டும். அதுதான் விதி. ஏழுமலை வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும், கோதண்டம் அண்ணனையும் அங்கே வரச் சொல்லிவிட்டுப் போனேன். மேடம் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஏழுமலை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கார்டைப் பிரித்து நின்றபடியே படித்தேன்.

"செய்யாதது: வலது பிரேக் கம்பியின் ரப்பர் மூடி கிழிந்திருந்தது, மாற்றவில்லை. ஆயில் அடிக்கும்போது பை சுற்றவில்லை. அதனால் லைனிங்கில் எண்ணெய் ஏறி வலது பிரேக் பிடிக்கவில்லை. இதற்கு மெக்கானிக் காதர் பொறுப்பு. டிரைவர் ஏழுமலை பொறுப்பு அல்ல."

கோதண்டம் அண்ணன் எழுந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். இனி என் வண்டி உன் ஷெட் பக்கமே வராது என்றார். அப்படியே வரவும் இல்லை. அவர் திட்டி ஓயும்வரை ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இன்னொரு தபா படி பாய்."

படித்தேன்.

"அப்ப என் காலு கரீட்டாத்தான் மிதிச்சிச்சா?"

"கொக்கி போட்டியா இல்லையான்னு எனக்குத் தெரியாது ஏழுமலை. போட்டிருந்தாலும் வண்டி அப்படித்தான் போயிருக்கும். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவர் உதடு கோணியது. "ஆஸ்பத்திரில கேட்டேனே பாய். நல்லாத்தான் இருந்துச்சின்னியே. நான் அந்தக் காலப் பாத்துப் பாத்து அழுதுகினு இருந்தேனே." நான் அழுதேன். அவர் அழவில்லை. கையை நீட்டினார். "அத்த இங்க குட்த்துட்டுப் போ."

நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலை போகவில்லை. ஆறு மாதம் பிரேக் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கிரீஸ் அடித்தேன், ஆயில் மாற்றினேன், வடிகட்டி கழுவினேன். மேடம் அதன்பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு ஊர் கிளைக்கு அவர் மாறிப் போகும் நாளில்கூட, "கிரவுன் ஆயில் கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க பாய்," என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகும் அந்தக் கோட்டை நாங்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். என் கார்டுகளில் அங்கே 'இல்லை' என்ற சொல் மிகவும் குறைந்துபோனது. படிக்கும்போது சிலர் சலித்துக்கொள்வார்கள், சிலர் சண்டைக்கு வருவார்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.

ஏழுமலை கோதண்டம் அண்ணனிடம் திரும்பிப் போகவில்லை. அவர் கூப்பிட்டும் போகவில்லை என்று கேள்வி. கால் கூடி, லேசான நொண்டலோடு, வேறொரு டேங்கர்காரரிடம் சேர்ந்தார். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. எதிரில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அது எனக்கு வேண்டியதுதான்.

சூப்பர்வைசரிடம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேனே, அன்றைக்கே தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் வண்டி ஓட்டுகிறாராம், ஒரு நர்சரி தோட்டத்துக்கு. டேப்லெட் வந்த கதையைச் சொன்னேன். அந்த வரி இனி இல்லை என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸ் உறையை எடுத்தார். அதன் பின்னாலிருந்து நாலாக மடித்த மஞ்சள் காகிதம் ஒன்று வந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், 'சுவத்துல மோதுன டிரைவர் நீதானே' என்று கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் எடுத்துக் காட்டினாராம்.

"எழுத்தெல்லாம் மங்கிப் பூட்ச்சி பாய். புச்சா ஒண்ணு எழுதிக் குடு."

"இத்தனை வருஷம் ஆச்சு. இனிமே யார் கேக்கப் போறாங்க ஏழுமலை?"

"நான் கேக்கறேன் பாய். இன்னும் சில நாளு வண்டி ஏறும்போது, இந்தக் கால நானே கேட்டுக்கினுதான் கீறேன்."

டீக்கடையில் ஒரு தாள் வாங்கினேன். பெஞ்சில் வைத்து, பழைய காகிதத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"படி," என்றார்.

படித்தேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். எழுந்து நின்று உரக்கப் படித்தேன்.